இரண்டு அம்மாக்கள் போய் ஒரு குடம் வந்தது

புலி தோற்று ஓடிவிட்டது. இறந்துவிட்டதாக நினைத்த கரடி எழுந்து உட்கார்ந்துவிட்டது. இனி மௌக்லி காட்டிலேயே இருந்துவிடுவான் என்று படம் பார்க்கும் குழந்தைகள் நிம்மதி அடையும் நேரத்தில், ஓடைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்கிறது. ஒரு சிறுமி தண்ணீர் எடுக்க வந்திருக்கிறாள். வேலை செய்தபடியே பாடுகிறாள். அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார், அம்மா வீட்டில் சமைக்கிறாள், தண்ணீர் எடுப்பது என் வேலை என்பது பாட்டின் முதல் பாதி. நான் பெரியவளானதும் அழகான கணவன் வருவான், மகள் பிறப்பாள், அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நான் சமைப்பேன் என்பது மறு பாதி. மௌக்லி மயங்கி நிற்கிறான். அவள் வேண்டுமென்றே குடத்தை நழுவ விடுகிறாள். அது அவனிடம் உருண்டு வருகிறது. அவன் அதை நிரப்பித் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஊருக்குள் போய்விடுகிறான். படம் முடிகிறது.

1967 அக்டோபரில் வெளிவந்த, வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘ஜங்கிள் புக்’ அது. இயக்கியவர் வூல்ஃப்காங் ரைதர்மன். டிஸ்னி தன் கடைசிக் காலத்தில் நேரடியாகக் கவனித்த படம். வெளியாவதற்குப் பத்து மாதம் முன்பு அவர் இறந்துவிட்டார். ரட்யார்ட் கிப்ளிங் 1894, 1895ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு சிறுவர் நூல்களிலிருந்து எடுத்த கதை. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சியோனி மலைப்பகுதியும் வைன்கங்கா ஆறும்தான் கதையின் களம். அறுபது ஆண்டுகளை நெருங்கும் நிலையிலும் குழந்தைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். பட்டாபிராமில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து இதைப் போட்டால், கரடியின் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து ஆடுவார்கள். அந்தச் சந்தோஷத்தைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் பேச வந்தது கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி. அந்த நிமிடங்களுக்கு இடம் கொடுக்க மூலநூலிலிருந்து எவை எவை வெளியேற்றப்பட்டன என்பதைப் பற்றி.

வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டு அம்மாக்கள்.

முதல் அம்மா ஓநாய். நூலின் தொடக்கத்திலேயே புலி ஷேர்கான் ஓநாய்க் குகையின் வாசலுக்கு வந்து, மனிதக் குழந்தை என் இரை, வெளியே விடுங்கள் என்று கேட்கிறது. தந்தை ஓநாய் ஏதோ பதில் சொல்கிறது. அதன் பிறகு தாய் ஓநாய் குட்டிகளை உதறிவிட்டு முன்னால் வருகிறது. என் பெயர் ரக்ஷா என்கிறது. நம் மொழியில் ராட்சசி. இந்தக் குழந்தை என்னுடையது, இவன் வளர்ந்து உன்னையே வேட்டையாடுவான் என்கிறது. புலி பின்வாங்குகிறது. தந்தை ஓநாயோடு மோதியிருக்கலாம், இவளோடு மோத முடியாது என்று புலிக்குத் தெரிந்திருக்கிறது. ‘ராட்சசி’ என்பது நம்மூரில் குரல் உயர்த்தும் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் வசை. இங்கே ஒரு தாய் அதைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

இரண்டாவது அம்மா மெசுவா. புலி தூக்கிச் சென்ற தன் மகன்தான் திரும்பி வந்துவிட்டான் என்று நம்பி மௌக்லியை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் கிராமத்துப் பெண். பால் கொடுக்கிறாள், ரொட்டி கொடுக்கிறாள், மனிதரின் பேச்சைக் கற்றுக்கொடுக்கிறாள். பிறகு ஊர் அவனை மந்திரவாதி என்று சொல்லிக் கல்லெறிந்து துரத்துகிறது. ஒருத்தி மட்டும் ஓடிவந்து, அவர்கள் சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் நீ போய்விடு, கொன்றுவிடுவார்கள் என்கிறாள். இரண்டாம் நூலில் அந்த ஊர் அவள் மேலேயே பாய்கிறது. சூனியக்காரி என்று சொல்லி அவளையும் கணவனையும் கட்டிப் போடுகிறார்கள், எரிப்பதற்கு நாள் குறிக்கிறார்கள். அவர்களுடைய நல்ல எருமைகளையும் நிலத்தையும் பங்குபோட்டுக்கொள்ளும் கணக்கும் கூடவே ஓடுகிறது. சூனியக்காரிப் பட்டத்துக்கும் சொத்துக்கும் உள்ள உறவைப் பெண்ணியலாளர்கள் பின்னாளில் விரிவாக எழுதினார்கள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அசாமிலும் இந்தக் குற்றச்சாட்டுக்கு இன்றும் பெண்கள் பலியாகிறார்கள். ஒரு சிறுவர் நூல் 1895லேயே அந்த எருமைக் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறது.

அந்த இரவில் மௌக்லி கட்டுகளை அறுத்து அவர்களை விடுவிக்கிறான். அப்போது காட்டிலிருந்து ரக்ஷா வந்து நிற்கிறது. ஏன் வந்தாய் என்று அவன் கேட்கிறான். உனக்குப் பால் கொடுத்த அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்கிறது ரக்ஷா. நிமிர்ந்து நின்று ஜன்னல் வழியாக இருட்டுக்குள் இருக்கும் மெசுவாவைப் பார்க்கிறது. நானும் வழித்துணைக்கு வருகிறேன், வயதாகிவிட்டதுதான், ஆனால் பல் இன்னும் விழவில்லை என்கிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாக்கள் என்றால் நம் சினிமா உடனே சண்டையும் கண்ணீரும் தேடும். பெற்றவளா, வளர்த்தவளா என்று வழக்கு நடத்தும். இங்கே ஒரு தாய் இன்னொரு தாயைப் பார்த்துவிட்டுப் போக மட்டுமே வருகிறாள்; அவள் உயிர்தப்பிப் போகும் பாதைக்குக் காவலாகவும் வருகிறாள்.

கிப்ளிங்கைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமில்லை. பம்பாயில் 1865இல் பிறந்த அவர் பேரரசின் எழுத்தாளர். காட்டுக்குச் சட்டம் உண்டு, இந்தியக் கிராமத்துக்கு மூடநம்பிக்கை மட்டும் உண்டு என்பதுதான் அவர் போடும் கணக்கு. உயிர்தப்பிய மெசுவாவும் அவள் கணவனும் நியாயம் தேடிப் போவது வெள்ளைக்காரர் ஆளும் ஊருக்கு. அவள் துயரத்தைக் காட்டி வெள்ளை ஆட்சியின் தேவையை நிறுவுகிறது அந்தக் கதை. இதையெல்லாம் அடிக்கோடிட்டுத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படித்த பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. அந்த நூலில் தன் கூட்டத்தையும் ஊரையும் எதிர்த்து நின்று பேசிய பெண்கள் இருந்தார்கள். கதையை அமெரிக்கக் குடும்பப் படமாக மாற்றியபோது வெட்டுப்பட்டது அவர்களுடைய குரல்.

திரைக்கதை எழுதியவரிடம் முதல் வேலையாக இந்த நூலைப் படிக்காதே என்று டிஸ்னி சொன்னதாகச் சொல்லப்படுகிறது. நூலின் இருட்டு வேண்டாம், வேடிக்கை வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் இருட்டை வெட்டும்போது எது சேர்ந்து போகிறது என்று பாருங்கள். படத்தில் தாய் ஓநாய் இருக்கிறது. கூடையில் குழந்தையைக் கண்டு புன்னகைக்கிறது. பேசுவதில்லை. மௌக்லியை ஊருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று ஓநாய்க் கூட்டம் முடிவெடுக்கும் இடத்தில் தந்தை ஓநாய் தயங்குகிறது, வாதாடுகிறது. தாயிடம் யாரும் கேட்கவில்லை. மெசுவா படத்தில் இல்லவே இல்லை.

பேசுகிற பெண் விலங்கு ஒன்றே ஒன்று: யானைத் தலைவன் ஹாத்தியின் மனைவி வினிஃப்ரெட். தொலைந்த பையனைத் தேட நீ போகாவிட்டால் தலைமையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் மிரட்டும்போது, ஒரு பெண் கூட்டத்தை நடத்துவதா என்று ஹாத்தி அதிர்ந்துபோகிறார். பார்வையாளர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. உண்மையில் யானைக் கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை. எங்கே தண்ணீர் இருக்கும், கோடையில் எந்தப் பாதையில் போகவேண்டும் என்ற நினைவு அவளிடம் இருக்கிறது. வளர்ந்த ஆண் யானை பெரும்பாலும் கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும். முதுமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போய்வந்த பிள்ளைக்கு வனக்காவலர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. இயற்கையில் தலைவியாக இருப்பவளைப் படம் மனைவியாக்கி, அவள் தலைமை கேட்பதை நகைச்சுவையாக்கிவிட்டது.

இப்படிக் காலியான காட்டில்தான் கடைசியாக அந்தச் சிறுமி வருகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. நெற்றியில் பொட்டு, கண்களில் மை, தலையில் குடம். அவளைத் திரையில் வரைந்து அசைத்தவர் ஒல்லி ஜான்ஸ்டன் என்ற தேர்ந்த கலைஞர். அந்த நடையிலும் கண்ணிமைகளிலும் கைவேலை நுட்பமாக இருப்பதை மறுக்க முடியாது. அந்த நுட்பம் முழுவதும் ஒரு வேலைக்குப் பயன்படுகிறது: பையனை இழுப்பது. காட்டில் இருக்கும் பாலூ, பெண்கள் என்றாலே தொல்லை என்று எச்சரிக்கிறது. குடம் உருண்டதும், அவள் வேண்டுமென்றே செய்தாள் என்கிறது. ஆமாம், வேறென்ன என்கிறது பகீரா. இரண்டு ஆண் விலங்குகள் புதருக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் நடத்தைக்கு விளக்கம் சொல்கின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் சொல்ல முடியாத பிள்ளை அவள். மயக்குகிறவள் என்ற பட்டம் அதற்குள் வந்துவிடுகிறது.

நூலின் முடிவிலும் ஒரு பெண் வருகிறாள். வெள்ளைத் துணி உடுத்திய ஒருத்தி பாதையில் நடந்து போகிறாள். பதினேழு வயது மௌக்லி அவளைப் பார்த்துப் பயிருக்குள் ஒதுங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான். ஆனால் அந்த இரவு அவன் தங்கியது மெசுவாவின் குடிசையில். இன்னதென்று தெரியாத ஏக்கத்தோடு அலைந்தவனுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்தது அந்த அம்மா. மனிதரிடம் அவன் திரும்பிப் போகும் வழி அவள் வீட்டு வாசலில் தொடங்குகிறது. படம் அந்த வாசலை மூடிவிட்டு, சிறுமியின் கண்ணசைவை வழியாக்கிக்கொண்டது.

இனி குடத்துக்கு வருவோம். பாட்டு சொல்வதை நிதானமாகக் கேட்டால் அதில் ஒரு குடும்ப அமைப்பு முழுதாக இருக்கிறது. அம்மா சமைக்கிறாள், ஏனென்றால் தண்ணீருக்கு மகள் இருக்கிறாள். மகள் ஒருநாள் சமைப்பாள், ஏனென்றால் அவளுக்கும் ஒரு மகள் பிறந்திருப்பாள். தண்ணீர் சுமப்பதிலிருந்து விடுபட ஒரே வழி, அதைச் சுமக்க இன்னொரு பெண்ணைப் பெற்றெடுப்பது. வீட்டு உழைப்பு தலைமுறை தலைமுறையாக எப்படித் தன்னைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்தப் பாட்டு அதை இரண்டு நிமிடத்தில் இனிமையாகச் சொல்லிவிடுகிறது. மூத்தது பெண்ணாகப் பிறந்தால் அம்மாவுக்குக் கை உதவி என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே வாசகத்தின் ராகம் போட்ட வடிவம் இது.

பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் குடம் ஒரு காட்சிப்பொருள் இல்லை. பிளாஸ்டிக் குடம் ஒன்று நிரம்பினால் பதினைந்து கிலோ. லாரி வருவதற்கு முன்பே வரிசையில் குடங்கள் உட்கார்ந்திருக்கும். எந்த நிறக் குடம் யாருடையது என்று தெருவுக்கே தெரியும். லாரி காலையில் வருமா மதியம் வருமா என்பதைப் பொறுத்து ஒரு பெண் வேலைக்குப் போவதும், ஒரு சிறுமி முதல் வகுப்பைத் தவறவிடுவதும் முடிவாகும். தண்ணீர் தொலைவில் இருந்தால் வீட்டு ஆண் டிவிஎஸ் வண்டியின் இரு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு போவதுண்டு. வண்டி வந்தால் அது ஆண் வேலை. இடுப்பில் சுமப்பது என்றால் பெண் வேலை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2023இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத பத்துக் குடும்பங்களில் ஏழில் தண்ணீர் எடுத்துவரும் பொறுப்பு பெண்களிடமும் சிறுமிகளிடமும் இருப்பதாகச் சொல்கிறது.

2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு போயின. அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. அரக்கோணம், திருவள்ளூர் வழியாக, பட்டாபிராமைக் கடந்துதான் அது வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. அதை வரவேற்கும் படங்களில் அதிகாரிகளும் மாலைகளும் இருந்தன. ரயில் இறக்கிய தண்ணீர் கடைசியில் வீட்டு அடுப்படிக்குள் போன தூரத்தை எந்தப் படமும் காட்டவில்லை. அந்தத் தூரம் பெண்களின் இடுப்பில் கழிந்தது.

கிப்ளிங்கின் இரண்டாம் நூலில் இப்படி ஒரு வறட்சி வருகிறது என்பது பலருக்கு நினைவிருக்காது. வைன்கங்கா வற்றி, நடு ஆற்றில் பாறை ஒன்று தலைகாட்டுகிறது. அதைக் கண்டதும் யானை ஹாத்தி தண்ணீர்ச் சமாதானத்தை அறிவிக்கிறது. அது இருக்கும்வரை நீர்க்கரையில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. டிஸ்னி படத்தில் இந்த வறட்சி இல்லை. அங்கே தண்ணீர் வற்றாது. கரடி அதில் மல்லாந்து மிதக்கும். தண்ணீரை வேலையாகச் செய்கிற ஒரே உயிர் அந்தச் சிறுமி.

அந்த ஓடைக்கரையில் சாதியும் இல்லை. 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அம்பேத்கர் கை நனைத்தது எதற்காக என்று அறிந்த நாட்டில் நடக்கும் கதை இது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை அறிந்த மாநிலத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறோம். எந்தக் கரையில் எந்தப் பெண் குடத்தை இறக்கலாம் என்பதை இங்கே அவள் விருப்பம் மட்டும் தீர்மானித்ததில்லை. ‘இந்தியச் சிறுமி’ என்று ஒருத்தியைப் பெயரில்லாமல் வரையும்போது இவை எல்லாமும் சேர்ந்து அழிக்கப்படுகின்றன.

வெளிநாட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடவும் முடியாது. நம் சினிமாவும் ஆற்றங்கரையில் குடத்தோடு வரும் கதாநாயகியை வழிமறித்துப் பாடியே வளர்ந்தது. இடுப்பும் குடமும் சேர்ந்தால் காதல் காட்சி என்ற சூத்திரம் இங்கேயும் உண்டு. ஆனால் 1981இல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் ‘தண்ணீர் தண்ணீர்’ படமாக எடுத்தபோது, சரிதா நடித்த செவ்வந்தியின் குடத்தில் காதல் இல்லை. நடந்து நடந்து தேய்ந்த காலும் கோபமும் இருந்தன. அதற்கு முன்பும் பின்பும் நம் பெண்கள் குடத்துக்கு வேறொரு பயனையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். காலிக்குடங்களைச் சாலையில் வரிசையாக வைத்துப் பேருந்தை மறிப்பது தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோடையும் நடக்கும் போராட்டம். நிரம்பிய குடம் வீட்டுக்குள் போய்விடும். காலிக்குடம் அதிகாரியை வீதிக்கு வரவைக்கும்.

1967இல் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா என்று கேட்கலாம். அதே 1967இல் சோவியத் நாட்டில், ரோமான் தவீதொவ் இயக்கத்தில் மௌக்லி கதையின் இன்னொரு அசைவூட்டப் படம் தொடங்கியது. ஐந்து பகுதிகளாக 1971 வரை வந்தது. முதல் பகுதியின் தலைப்பே ‘ரக்ஷா’. பகீரா அதில் பெண் சிறுத்தை. சிறுத்தைக்கான ரஷ்யச் சொல் பெண்பால் என்பது அதற்கு ஒரு காரணம். காரணம் எதுவானாலும், அந்தக் குழந்தைகள் மௌக்லியை வளர்த்துக் காப்பாற்றும் பெண் குரல்களைக் கேட்டு வளர்ந்தார்கள். ஆகவே காலத்தின் மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. ஒரே ஆண்டில், ஒரே நூலிலிருந்து இரண்டு படக்குழுக்கள் வெவ்வேறு பெண்களைத் தேர்ந்தெடுத்தன.

டிஸ்னி நிறுவனமே பிறகு இதைச் சரிசெய்யப் பார்த்தது. 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சிறுமிக்குச் சாந்தி என்ற பெயர் கிடைத்தது. 2016இல் கணினி வரைகலையில் வந்த புதிய படத்தில் ரக்ஷாவுக்குக் குரல் திரும்பியது, வறட்சியும் தண்ணீர்ச் சமாதானமும் திரும்பின. மலைப்பாம்பு கா பெண்ணானது. கவனியுங்கள்: புதிதாகப் பெண்ணாக்கப்பட்ட ஒரே முக்கிய விலங்கு, பார்வையால் மயக்கிச் சுற்றி விழுங்கும் பாம்பு. குடத்துச் சிறுமி அந்தப் படத்தில் இல்லை. சங்கடமான பெண்ணைத் திருத்துவதற்குப் பதிலாக எடுத்துவிட்டார்கள். 2018இல் ஆண்டி செர்கிஸ் எடுத்த படத்தில் மெசுவா வருகிறாள். அதில் ஃப்ரீடா பின்டோ நடித்தார். ஆனால் சூனியக்காரி என்று கட்டப்பட்டவளின் கதை அதிலும் சொல்லப்படவில்லை.

இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. தடுத்தால் அவர்கள் வேறு இடத்தில் பார்ப்பார்கள், கேள்வி கேட்க ஆளில்லாமல் பார்ப்பார்கள். படத்தை ஓடவிட்டு, கடைசிப் பாட்டில் நிறுத்திப் பேசலாம் என்பது என் எண்ணம். இவள் பெயர் என்ன? இவள் பள்ளிக்கூடம் போகிறாளா? அப்பா வேட்டையிலிருந்து திரும்பும்போது ஒரு குடம் எடுத்துவந்தால் என்ன? மகன் பிறந்தால் இந்தப் பாட்டு எப்படி மாறும்? இன்று குடம் தூக்கிய மௌக்லி கல்யாணத்துக்குப் பிறகும் தூக்குவானா? கடைசிக் கேள்விக்குப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிறுமிகள் சிரிக்கமாட்டார்கள், யோசிப்பார்கள். கூடவே இருக்கும் பையன்களிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அதோடு அந்த இரண்டு அம்மாக்களின் கதையையும் சொல்லுங்கள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழிகளுக்குக் கிப்ளிங் பாடத்தில் வருவார். பேரரசு பற்றிய கட்டுரையோடு நின்றுவிடாமல், ரக்ஷா ஜன்னல் வழியே மெசுவாவைப் பார்த்த அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அதைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். பட்டாபிராமில் 2024இல் திறந்த 21 மாடி டைடல் பூங்காவுக்கு வேலைக்குப் போகும் பெண்களும், அந்தக் கட்டடம் தெரியும் தெருக்களில் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களும் ஒரே ரயிலில்தான் வருகிறார்கள். அவர்களுடைய மகள்கள் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் வளர்ந்ததும் என் மகளைத் தண்ணீருக்கு அனுப்புவேன் என்ற வரி ஒருத்திக்கு வெறும் பாட்டாகவும் இன்னொருத்திக்கு நாளைய அட்டவணையாகவும் கேட்கக்கூடும். அந்த இரண்டாமவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க ஒரு பெரியவள் வேண்டும். வாசலில் வந்து நிற்கும் புலியிடம் என் பெயர் ராட்சசி என்று சொன்ன அம்மாவைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டும்.